குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல்: நெய்வேலிக் கல்யாணம், அன்றும் இன்றும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் அந்தப் பழமொழியின் முதல் பாதிக்கு வேலையே இல்லாமல் இருந்தது. வீட்டைக் கம்பெனி கட்டிக் கொடுத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்தவருக்குக் குவார்ட்டர்ஸ்; ஓய்வு பெற்ற பிறகு சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆகவே இந்த ஊர்த் தொழிலாளி ஒருவர் தன் சொந்தப் பொறுப்பில், நாலு பேர் அறியச் செய்த பெரிய காரியம் என்றால் அது பிள்ளைகளின் கல்யாணம்தான். அதை எப்படிச் செய்தார்கள், இப்போது எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால் இந்த ஊரின் கதையே அதற்குள் இருக்கிறது.

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்குகிறது நெய்வேலியின் வரலாறு. 1956 நவம்பர் 14-ல் என்.எல்.சி. நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. இந்த வேலைகளுக்கு ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். ஒரே தெருவில் தஞ்சாவூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், மலையாளி, தெலுங்கர், பக்கத்துக் கிராமத்தில் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தவர் என்று அடுத்தடுத்த வீடு. யாருக்கும் பூர்வீக வீடு இங்கே இல்லை; பங்காளி, மாமன், மச்சான் இல்லை. ஒரு கல்யாணம் என்றால் ஊரில் முப்பது பேர் தானாக வந்து நிற்பார்களே, அந்த முப்பது பேர் இங்கே இல்லை.

அந்த இடத்தைத் தெருக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்றைய நெய்வேலிக் கல்யாணம் குறைந்த செலவில் முடிந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். சிக்கனம், எளிமை என்றெல்லாம் அதற்குப் பிற்பாடு பேர் வைக்கலாம். அன்று காசு கொடுத்து வாங்க வேண்டியிராத கைகள் நிறைய இருந்தன.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பெரும்பாலான கல்யாணம் குவார்ட்டர்ஸ் வாசலில்தான். டவுன்ஷிப் தெருக்களின் அகலம் வெளியூர்க்காரர்களுக்கு இன்றைக்கும் ஆச்சரியம். அன்று அந்த அகலம் கல்யாண மண்டபம். முகூர்த்தக்கால் நட்டு, பந்தல்காரர் மூங்கிலை ஊன்றித் தென்னங்கீற்றை வேய்ந்துவிட்டால் எதிர் வரிசை வீடுவரை நிழல். மின்சாரம் வேண்டிய மட்டும் உண்டு. எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்க்கும் யாராவது ஒருவர் தெருவில் கட்டாயம் இருப்பார்; சீரியல் செட் கட்டுவது அவர் பொறுப்பு. மைக் செட்டுக்காரர் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரை ஏற்றிவிட்டால், பத்திரிகை கிடைக்காதவர்களுக்கும் கல்யாணம் எந்தத் தெருவில் என்று தெரிந்துவிடும்.

மாப்பிள்ளை வீட்டார் தங்க லாட்ஜ் எடுத்ததாக நினைவில்லை. வலப்பக்கத்து வீட்டுக் கூடம் அவர்களுக்கு, இடப்பக்கத்து வீடு பெண்கள் உடுத்திக்கொள்ள, எதிர்வீட்டுத் தோட்டம் சமையலுக்கு. இரண்டு நாளைக்கு நாலு வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கும். அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் சமையலறையைப் பூட்டிவிட்டுக் கல்யாண வீட்டிலேயே சாப்பிட்டார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை; பெண் நிச்சயமான அன்றே, "மாப்பிள்ளை வீட்டுக்கு எங்க கூடத்த ஒழிச்சுத் தந்துடறோம்க்கா" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்துவிடும்.

முந்தின நாள் இரவைச் சொல்லியாக வேண்டும். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து அண்டா, குண்டான், ஜல்லிக் கரண்டி, ஜமக்காளம் எல்லாம் மாட்டு வண்டியிலோ டிராக்டரிலோ வந்து இறங்கும். சமையல்காரர் ஒருவர், கூட இரண்டு கையாள். சம்பளம் வாங்குபவர்கள் அவ்வளவுதான். காய் நறுக்குவது தெருப் பெண்கள். பத்துப் பதினைந்து அரிவாள்மணை வட்டமாக உட்காரும்; எந்த அரிவாள்மணை எந்த வீட்டுடையது என்பதற்குக் கட்டையில் பெயின்ட்டால் பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும் எழுதியிருக்கும். ஒரு பக்கம் பூசணிக்காய், ஒரு பக்கம் வாழைக்காய், வெங்காயம் உரிப்பது ஆண்கள். இரண்டாம் ஷிப்ட் முடித்தவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகத் தேங்காய் துருவ உட்காருவார்கள். நைட் ஷிப்ட் போகிறவர், "காலையில பந்திக்கு நான் வந்துடறேன் அண்ணே, சாம்பார் வாளி எனக்கு வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். சொன்னபடி வந்தும் விடுவார், தூங்காத கண்ணோடு. ஷிப்டை மாற்றிக் கொடுப்பதுதான் அன்று சக தொழிலாளி கொடுத்த முதல் மொய்.

சாப்பாடு ஒரே வகைதான்: சாம்பார், ரசம், மோர், இரண்டு பொரியல், கூட்டு, அப்பளம், வடை, பாயசம். வைகாசி முகூர்த்தம் என்றால் இலையில் பலாச்சுளை உண்டு. பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கும் மேலே, குவார்ட்டர்ஸ் தோட்டங்களிலேயே மா, பலா, முருங்கை, வாழை எல்லாம் இருந்தன. பலாக்காயில் கூட்டு, பலாக்கொட்டையில் ஒரு பொரியல். பாயசத்துக்கு முழு முந்திரி வாங்குவதில்லை. முந்திரி உடைக்கும் ஊர்களில் உடைந்த பருப்பு மலிவாகக் கிடைக்கும். பாயசத்துக்குள் போன பிறகு முழுசென்ன, உடைசல் என்ன? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. டவுன்ஷிப் மரங்களும் போயின. நட்ட மரம் காய்க்க ஆண்டுகள் ஆகும். அதற்குள் கல்யாணச் சமையலே வேறு கைக்குப் போய்விட்டது.

அலங்காரம் என்று தனியாகச் செலவு கிடையாது. வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழைமரம், மாவிலைத் தோரணம், தென்னங்குருத்தைக் கீறிப் பின்னிய கிளியும் கூந்தலும். பின்னத் தெரிந்த ஒரு பெரியவர் எல்லாப் பிளாக்கிலும் இருந்தார். வாசல் முழுக்க மாக்கோலம், செம்மண் கரை. அகலமான தார்ச் சாலையில் அந்தக் கோலம் விரிந்து கிடந்த அழகுக்கு இன்றைய துணி மேடையும் தெர்மாகோல் தூணும் கிட்ட வர முடியாது. போட்டோ எடுக்க ஸ்டுடியோக்காரர் ஒருவர், கையில் 36 படம் எடுக்கும் சுருள் ஒன்றோ இரண்டோ. எந்தப் படத்தை எடுப்பது, எதை விடுவது என்று அவர் யோசித்துத்தான் ஆக வேண்டும். இன்றைக்கும் அந்த ஆல்பங்களைப் புரட்டினால் ஒரு படமும் வீண் இல்லை.

பணத்துக்கு வழி என்ன? பி.எஃப். இருந்தது. ஏழு வருஷம் கட்டியவர் தன் பங்கில் பாதியைத் தன் கல்யாணத்துக்கோ, பிள்ளைகள், உடன்பிறந்தவர்களின் கல்யாணத்துக்கோ எடுக்கலாம் என்பது அன்றைய வருங்கால வைப்புநிதி விதி. (2025 அக்டோபரில் அந்த விதிகளைத் தளர்த்தி, ஓராண்டு கட்டினாலே எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.) அப்புறம் கூட்டுறவு சொசைட்டிக் கடன், தெருவில் நடக்கும் ஏலச்சீட்டு. சம்பள உயர்வு ஒப்பந்தம் இழுத்தடித்துக் கையெழுத்தாகும்போது மொத்தமாக வரும் அரியர்ஸ் பல வீட்டுப் பெண்களின் கழுத்தில் சங்கிலியாக ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கணக்கு அப்பாக்கள் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும்: சர்வீசில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஓய்வு பெற்றுவிட்டால் குவார்ட்டர்ஸ் இல்லை. குவார்ட்டர்ஸ் இல்லையென்றால் இந்தத் தெரு இல்லை. தெரு இல்லாத கல்யாணத்துக்கு எல்லாமே விலை.

இன்னொரு வகைக் கல்யாணமும் நெய்வேலியில் நிறைய நடந்தது. தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்த ஊர். திராவிட இயக்கத்தவரும் இடதுசாரிகளும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். பெரியாரின் சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967-ல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவந்து, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் வேண்டாம், ஓமம் வேண்டாம். உறவினர், நண்பர் முன்னால் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் கல்யாணம் செல்லும். ஒரு மேஜை, ஒரு மைக், இரண்டு மாலை, சங்கத் தலைவரின் வாழ்த்துரை, பிறகு சாப்பாடு. சடங்குச் செலவைக் குறைப்பதை ஒரு கொள்கையாகவே இந்த இயக்கம் சொன்னது. கையில் காசில்லாதவர் தலை குனியாமல் எளிமையாகக் கல்யாணம் செய்ய அது ஒரு பெரிய துணை. கடன் வாங்கிக் கல்யாணம் செய்தவர் பல பேரைப் பார்த்த ஊரில் அந்தத் துணையின் அருமை நன்றாகத் தெரியும்.

சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. பெண் எடுப்பதிலும் கொடுப்பதிலும் அது அசையாமல் அப்படியே இருந்தது. ஆனால் அந்தக் காய் நறுக்கும் வட்டத்திலும் பந்தி வரிசையிலும் யார் எந்தச் சாதி என்று கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவரவர் சொந்த ஊரில் நடந்திருந்தால் அது முடிந்திருக்காது.

அன்றைய கல்யாணத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். இரண்டு நாள் தூக்கமில்லாமல் நறுக்கி, அரைத்து, கழுவி, கடைசிப் பந்தியில், ஆறிப்போன சோற்றில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குச் சம்பளம் இல்லை என்பதால்தான் கல்யாணம் மலிவாக இருந்தது. அந்தத் தலைமுறைப் பெண்களிடம் பேசினால் இரண்டையும் சொல்கிறார்கள்: அந்தச் சிரிப்பும் பேச்சும் இனி வராது என்று ஒரு மூச்சில், இடுப்பு ஒடிந்துபோகும் என்று அடுத்த மூச்சில். இரண்டும் உண்மை.

தொண்ணூறுகளில் காற்று மாறத் தொடங்கியது. இரண்டாம் சுரங்கமும் இரண்டாம் அனல்மின் நிலையமும் எண்பதுகளில் வந்து ஊர் பெருத்திருந்தது. சம்பளம் நன்றாகவே உயர்ந்தது. பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். வீடியோ வந்தது, வீடியோவுக்கு வெளிச்சமும் மேடையும் வேண்டியிருந்தது. டவுன்ஷிப்பைச் சுற்றி மந்தாரக்குப்பத்திலும் இந்திரா நகரிலும் வடலூரிலும் மண்டபங்கள் எழுந்தன. வாசலில் பந்தல் போட்டால் வசதி குறைவு என்று நினைப்பார்களோ என்ற பயம் முதலில் ஓரிருவருக்கு வந்தது, பிறகு எல்லாருக்கும் வந்தது. மண்டபத்துக்குப் போனதும் தெருக்காரர் விருந்தாளி ஆனார். அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி யாரும் மண்டபத்துக்குப் போவதில்லை. கேட்டரிங் கான்ட்ராக்ட் வந்தது. பரிமாற யூனிபார்ம் போட்ட பையன்கள் வந்தார்கள். "சாம்பார் வாளி எனக்கு வச்சிடுங்க" என்று சொன்னவர் இப்போது இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்றைய கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். ஓர் இலைக்கு 200 ரூபாய் என்றே வையுங்கள்; 800 பேருக்கு மதியச் சாப்பாடு 1,60,000. முதல் நாள் மாலை ரிசப்ஷனுக்கு அதே 800 பேர் வந்தால் இன்னொரு 1,60,000. காலை டிபன் தனி. மண்டப வாடகை ஒரு லட்சம் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 18,000. மேடை அலங்காரம், ஆல்பம், டிரோன், ப்ரீ-வெட்டிங் ஷூட், பிளெக்ஸ் பேனர், தாம்பூலப் பை. இதில் எதைக் குறைப்பது என்று கேட்டால் எல்லாரும் பூவில், பேனரில், பையில் கை வைக்கிறார்கள். அங்கே மிஞ்சுவது சில ஆயிரம். 800-ஐ 200 ஆக்கி, இரண்டு விருந்தை ஒன்றாக்கினால் 3,20,000 என்பது 40,000 ஆகிவிடுகிறது. இலைக்கு இன்னும் நூறு ரூபாய் கூட்டி, மனம் குளிரப் போட்டாலும் 60,000 தான். இதைச் சொன்னால், "யாரை விடறது?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கண்டுபிடிக்க மனசு வராமல்தான் பல குடும்பங்கள் வட்டிக்கு வாங்குகின்றன.

தங்கம் எல்லாக் கணக்கையும் கவிழ்த்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பத்து சவரன் நாற்பதாயிரம் ரூபாய்க்குள் வாங்க முடிந்தது. 2025 அக்டோபரில் ஒரு சவரனே தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. பத்து சவரன் ஒன்பது லட்சம். அதற்கு மேல் செய்கூலி, சேதாரம், மூன்று சதவீதம் ஜி.எஸ்.டி. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. "நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடறத போடுங்க" என்ற வாக்கியம் அதைத் தாண்டி வந்துவிட்டது. செலவைக் குறைத்துக் கல்யாணம் செய்வது பற்றி எவ்வளவு யோசனை சொன்னாலும், இந்த வாக்கியத்துக்கு எதிரில் நின்று "முடியாது" என்று சொல்லாதவரை அந்த யோசனைகளெல்லாம் உப்புக்கும் புளிக்கும்தான் ஆகும். இதை மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளையே சொன்னால் அன்றே தீர்ந்துவிடும்.

அரசாங்கமும் இந்தச் சுமையை அறிந்துதான் இருந்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சி மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 5,000 ரூபாயில் தொடங்கியது படிப்படியாக ஏறியது. 2011-ல் ஜெயலலிதா ஆட்சி தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்த்தது, பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாய் கொடுத்தது. 2016-ல் தங்கம் 8 கிராம் ஆனது. 2022-ல் இதே அம்மையார் பெயரிலான திட்டம் உயர்கல்விக்கு மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆனது. பெண் படித்து வேலைக்குப் போனால் தன் கல்யாணத்தைத் தானே தீர்மானிப்பாள் என்ற எண்ணம் சரிதான். இடைப்பட்ட குடும்பங்களுக்கு மட்டும், எதிர்பார்த்திருந்த தாலித் தங்கம் கை நழுவிப்போனது.

அந்த இடைப்பட்ட குடும்பங்கள் நெய்வேலியில் ஏராளம். இன்றைக்குச் சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் ஓடியாடும் பலர் ஒப்பந்தத் தொழிலாளிகள். ஒரே வேலையைப் பக்கத்தில் நின்று செய்யும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளம் அவர்களுக்கு இல்லை. குவார்ட்டர்ஸ் பெரும்பாலும் இல்லை. வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம் பக்கம் வாடகை வீடு அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அவர்களில் பலர் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகள். கிராமம் இருந்திருந்தால் கல்யாணத்துக்குக் களம் இருந்திருக்கும், நெல் இருந்திருக்கும், பங்காளி இருந்திருப்பார். டவுன்ஷிப்பில் பிறந்திருந்தால் தெரு இருந்திருக்கும். இரண்டும் இல்லாதவர்கள் மண்டபத்து விலையை முழுசாகக் கொடுக்கிறார்கள். இந்த ஊரில் கல்யாணச் செலவைப் பற்றி யார் எழுதினாலும் இவர்களை வைத்துத்தான் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

டவுன்ஷிப்புக்கு உள்ளேயும் தெரு மெலிந்துவிட்டது. முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் முழுவதுமாக நின்றது. கம்பெனி பெயரே 2016-ல் என்.எல்.சி. இந்தியா என்று மாறிவிட்டது. எண்பதுகளில் சேர்ந்தவர்கள் அலை அலையாக ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். ஒரு வரிசையில் நாலு வீடு பூட்டிக் கிடந்தால், எந்தக் கூடத்தை யார் ஒழித்துத் தருவது?

கொரோனா ஒரு பாடத்தை வலுக்கட்டாயமாகச் சொல்லிக் கொடுத்தது. 2020-ல் ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றது அரசு. ஐம்பது பேரோடும் கல்யாணம் நடக்கும், அதில் ஒரு குறையும் வராது என்று அப்போது பார்த்துவிட்டோம். கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமி கோயில் இருக்கிறது. முகூர்த்த நாளில் நூற்றுக்கு மேற்பட்ட கல்யாணம் அங்கே சாதாரணம். ஊரடங்கில் கோயில் நடை அடைத்திருந்தபோதும் வேண்டுதலை விடக் கூடாதென்று வாசல் சாலையிலேயே தாலி கட்டிக்கொண்டு போனார்கள். நெய்வேலிக்காரர்கள் அங்கே போகிறார்கள். உள்ளூரில் வில்லுடையான்பட்டு முருகன் கோயிலிலும் நடத்துகிறார்கள். அறநிலையத்துறை 2022 முதல் ஏழை இணைகளுக்குக் கோயில்களில் இலவசத் திருமணம் செய்து வைக்கிறது; தாலிக்கு 2 கிராம் தங்கம் என்று தொடங்கியது, பிறகு 4 கிராம் ஆனது, சீர்வரிசையும் உண்டு. வடலூர் பக்கத்திலேயே இருப்பதால் இன்னொரு வழக்கமும் உண்டு. வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. கல்யாண நாளில் அந்த அடுப்புக்கு அரிசி கொடுத்துவிட்டு, தங்கள் விருந்தைச் சிறியதாக வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

சமீபத்தில் போய் வந்த ஒரு கல்யாணம். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி, பெண் நர்ஸ். காலையில் கோயிலில் தாலி. சாப்பாடு, ஒரு சின்னக் கூடத்தில் ஒரே வேளை. அலங்காரத்துக்கு ஆள் வைக்கவில்லை. பெண்ணோடு படித்த தோழிகள் முந்தின நாள் வந்து, சந்தையில் வாங்கிய சாமந்தியையும் கோழிக்கொண்டையையும் வாழைநாரில் கோத்து, பித்தளைக் குத்துவிளக்குகளைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். குத்துவிளக்குகள் நாலு வீட்டில் இரவல். பின்னால் திரைக்குப் பதில் அம்மாவுடைய, அத்தைகளுடைய பழைய பட்டுப்புடவைகளை விசிறி மடிப்பில் தொங்க விட்டிருந்தார்கள். மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், அரக்கு. மஞ்சள் புடவையின் ஜரிகைக் கரையில் நெருப்புப் பொறி பட்ட சின்ன ஓட்டை. அது அந்த அம்மாவின் கல்யாணத்தன்று பட்டதாம். பந்தியில் சமையல் ஆள் கூலிக்கு, பரிமாறியது மாப்பிள்ளையின் நண்பர்கள். சாம்பார் கொஞ்சம் சிந்தியது, ரசம் இரண்டு பேருக்கு வரத் தாமதமானது. ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அந்தப் பந்தியில் யார் கையில் எந்த வாளி என்று எல்லாருக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு, கோயில் ரசீது, வயதுச் சான்று, முகவரிச் சான்று, பத்திரிகை ஆகியவற்றோடு சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிவு செய்தார்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். செலவில்லாமல் முடிக்க நினைப்பவர்கள் மறக்கக் கூடாத காரியம் இது.

மொய்யைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று வாசலில் ஒரு மேஜை, நோட்டு, கையெழுத்து நன்றாக உள்ள ஒரு வாத்தியார் அல்லது கிளார்க். பெயர், பிளாக், தொகை. வட்டியில்லாக் கடன் அது. அவர் வீட்டில் விசேஷம் வரும்போது நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். தெரு இருக்கும்வரை அந்தச் சுற்று ஓடியது. இப்போது கியூஆர் கோடு. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு பத்திரிகையிலேயே அதை அச்சடித்தது பெரிய செய்தியானது, இன்று சாதாரணம். ஓய்வு பெற்றுப் போனவர்கள் தாம்பரத்திலும் கும்பகோணத்திலும் இருந்துகொண்டு போனிலேயே மொய் அனுப்புகிறார்கள். பழைய பிளாக்கின் பெயரில் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஒரு நண்பரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னது: "பணம் வந்துருதுங்க. ஆள் வரமாட்டேங்குது."

தை முகூர்த்தத்துக்கு நாள் குறித்திருக்கும் ஒரு தம்பி யோசனை கேட்டு வந்தான். கையில் மூன்று லட்சம் இருக்கிறது, ஒரு ரூபாய் கடன் வாங்கக் கூடாது என்கிறான். அழகாகவும் இருக்க வேண்டும் என்கிறான். இரண்டும் முடியும் என்றேன். உட்கார்ந்து எழுதினோம். அழைப்பு இருநூறு பேருக்கு. மற்றவர்களுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவது. ரிசப்ஷன் இல்லை. தாலி, தோடு தவிர நகை கிடையாது என்று பெண் வீட்டாரிடம் அவனே நேரில் போய்ச் சொல்வது. போனில் சொன்னால் நம்ப மாட்டார்கள். மேடைக்கு வாழைமரம், மாவிலை, தென்னங்குருத்து. பின்னத் தெரிந்த தாத்தா ஒருவர் இன்னும் இருக்கிறார், அவரை இப்போதே போய்ப் பார்ப்பது. போட்டோகிராபர் ஒருவர் போதும், வீடியோ நண்பனின் கேமராவில். காய் நறுக்க, தேங்காய் துருவ, பரிமாற முப்பது பேர். அதில் பாதி ஆண்கள் இருக்க வேண்டும், கடைசிப் பந்தி பரிமாறியவர்களுக்குச் சூடாகத் தனியாக வடிக்க வேண்டும். இந்த முப்பது பேரைத்தான் அவனால் உடனே எழுத முடியவில்லை. பன்னிரண்டு பெயர் எழுதிவிட்டு நிறுத்தினான். "பழைய பிளாக் குரூப்பில கேட்டுப் பாக்கலாமாண்ணே?" என்றான். கேட்டுப் பார் என்றேன். ராத்திரியே குழுவில் போட்டுவிட்டான். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் திருவாரூரிலிருந்து முதலில் பதில் போட்டிருந்தார்: சாம்பார் வாளி அவருக்கு வேண்டுமாம். பதினேழு பேர் பாக்கி.